வெட்டினால் போகாத தழும்பு

மும்பையில் பட்டறையிலும் ஓட்டல் அடுப்படியிலும் வேலை பார்க்கும் தமிழர்களுக்குத் தீக்காயமும் வெட்டுக்காயமும் புதிது அல்ல. காயம் ஆறிவிடும். ஆனால் சிலருக்கு மட்டும் ஆறிய இடம் சும்மா இருப்பதில்லை. தழும்பு தடித்து, காயத்தின் எல்லையையும் தாண்டிப் பரவும். அரிக்கும், வலிக்கும். இதற்குக் 'கெலாய்டு' என்று பெயர்.

மார்பு, தோள், தாடை, காது மடல் ஆகிய இடங்களில் இது அதிகம். காது குத்திய துளையில் வரும். பி.சி.ஜி. ஊசி போட்ட இடத்தில் வரும். ஏன், பரு வந்த இடத்தில்கூட வரும். கறுத்த தோல்காரர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

இது புற்றுநோய் அல்ல. தொட்டால் ஒட்டாது. பெண் பார்க்க வந்தவர்கள் இதற்காக முகம் சுளிப்பது வெறும் அறியாமை.

வெட்டினால் என்ன?

'அறுத்து எறிந்தால் தீர்ந்தது' என்று பலர் நினைக்கிறார்கள். அறுப்பதும் ஒரு காயம்தானே? வெறுமனே வெட்டிவிட்டால் 45 முதல் 100 சதவீதம் வரை திரும்ப வளர்வதாக மருத்துவ ஏடுகள் கூறுகின்றன. முன்பைவிடப் பெரிதாகவும் வளரலாம். ஒரே நாளில் அகற்றுவதாகச் சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் இதைச் சொல்வார்களா?

முதல் வைத்தியம் ஊசி. டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தழும்புக்குள்ளேயே போடுவார்கள். நாலைந்து வாரத்துக்கு ஒரு முறை, பல மாதங்கள். நன்றாகவே வலிக்கும். ஆனால் தழும்பு அமுங்கும், அரிப்பு குறையும். அந்த இடம் வெளுப்பதும் உண்டு. சர்க்கரை நோய் இருப்பவர் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சிலிக்கான் பட்டையும் உண்டு. தினம் 12 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும். உலைக்கு முன் வியர்த்து நிற்பவருக்கு அது எப்படி ஒட்டும்? வெட்டியே தீர வேண்டும் என்றால், பிறகு ஊசியோ, ஓரிரு நாளுக்குள் கதிர்வீச்சோ கொடுப்பார்கள்.

பாதியில் நிற்பது ஏன்?

நாலு ஊசி வேண்டியவர் இரண்டோடு நின்றுவிடுகிறார். வலிக்குப் பயந்து மட்டும் அல்ல, கூலிக்குப் பயந்தும்தான். சயான், கே.இ.எம். போன்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு இருக்கிறது, செலவும் குறைவு. ஆனால் இத்தகைய பெரிய ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளிகளைப் பார்ப்பது பெரும்பாலும் காலையில். கேஸ் பேப்பர் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். குமாஸ்தா லீவு எழுதிக் கொடுப்பார். தினக்கூலிக்காரர் எதை எழுதிக் கொடுப்பார்? ஊருக்கு அனுப்பும் பணத்தில்தான் துண்டு விழும்.

ஊசி போடுவது சில நிமிட வேலை. வாரத்தில் ஒரு நாள் மாலையில் அதற்கென்று தனிப் பிரிவு வைத்தால் என்ன? பட்டறைத் தீயில் வந்த தழும்புக்கு, மாதம் அரை நாள் கூலியை முதலாளி பிடிக்காமல் விட்டால் என்ன?