கொலஸ்ட்ரால் புரதங்களும் பிரிந்து செல்லும் இரு கோடுகளும்

மார்பகப் புற்றுநோய் குறித்த ஆய்வேடுகளில் அண்மைக் காலமாக ஒரே வகைப் படம் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. ஒரு மரபணுவின் வெளிப்பாடு மிகுந்த நோயாளிகளுக்கு ஒரு கோடு, குறைந்தவர்களுக்கு மற்றொரு கோடு, ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டும் விலகுகின்றன, ஓரத்தில் 0.05-க்குக் குறைந்த பி மதிப்பு. பொதுத் தரவுத் தொகுப்பும் இணையக் கருவியும் இருந்தால் சில நிமிட வேலை. முடிவுரையில் ‘புதிய முன்கணிப்புக் குறிகாட்டி’ என்ற தொடர் தவறாமல் வந்துவிடுகிறது. இப்போது அந்தப் படத்தில் கொலஸ்ட்ராலைக் கடத்தும் புரதங்களின் முறை.

இப்புரதங்கள் மீதான ஆர்வத்தில் பிழையில்லை. பெருகும் உயிரணு ஒவ்வொரு பிரிவின்போதும் புதிய சவ்வைக் கட்டியாக வேண்டும். அதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். பிரவுன், கோல்ட்ஸ்டைன் ஆகியோருக்கு 1985-இல் நோபல் பரிசைப் பெற்றுத்தந்த ஆய்வு வரிசையில் வெளிப்பட்ட எல்.டி.எல். ஏற்பி, துகளை முழுதாக உள்ளிழுக்கிறது. எஸ்ஆர்-பி1 அவ்வாறன்று, எச்.டி.எல். துகளை வாசலிலேயே நிறுத்தி, கொலஸ்ட்ரால் எஸ்டரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நோயாளிகளின் கட்டித் திசுக்களில் எஸ்ஆர்-பி1 மிகுந்திருப்பது நோயின் தீவிரத்தோடும் குறைந்த வாழ்நாளோடும் தொடர்புடையது என ஆய்வுகள் தெரிவித்துள்ளன. கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகும் 27-ஹைட்ராக்ஸிகொலஸ்ட்ரால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தூண்டி எலிகளில் கட்டியை வளர்ப்பதும் 2013-இல் காட்டப்பட்டது.

ஆனால் உயிரியல் பங்கு ஒன்று. முன்கணிப்புத் திறன் வேறு. வேகமாகப் பிரியும் உயிரணுவுக்குக் கொலஸ்ட்ரால் கூடுதலாகத் தேவை என்றால், எஸ்ஆர்-பி1 அளவு சொல்லும் செய்தி ‘இக்கட்டி வேகமாக வளர்கிறது’ என்பது மட்டுமாகவும் இருக்கலாம். அதைக் கட்டியின் தரநிலையும் கேஐ-67 சோதனையும் ஏற்கெனவே சொல்லிவிடுகின்றன. வெனே, டுமோன், டெடூர் ஆகிய மூவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வை இத்துறை மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். அதுவரை வெளியாகியிருந்த 47 மரபணுத் தொகுப்புகளை, அதே எண்ணிக்கையில் கண்ணை மூடிப் பொறுக்கிய மரபணுக்களோடு அவர்கள் ஒப்பிட்டனர். 28 தொகுப்புகள் அவற்றைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டவையாக இல்லை. உணவுக்குப் பின் சிரிப்பதோடு தொடர்புடைய மரபணுத் தொகுப்புகூட மார்பகப் புற்றுநோயாளிகளின் வாழ்நாளைப் ‘பிரித்துக்’ காட்டியது! உயிரணுப் பெருக்கத்தின் நிழல் அத்தனை மரபணுக்கள் மீதும் விழுகிறது.

ஸ்டார்டி3 இன்னும் நல்ல பாடம். ஸ்ட்ராஸ்பூர்க் ஆய்வாளர்கள் 1995-இல் புற்றுப் பரவிய நிணநீர் முடிச்சுகளிலிருந்து கண்டெடுத்த இம்மரபணு, கொலஸ்ட்ராலை எண்டோசோம்களுக்குக் கொண்டு சேர்க்கும் புரதத்தை உருவாக்குகிறது. அது 17-ஆம் குரோமோசோமில் ஹெர்2-வின் அண்டை வீடு. ஹெர்2 பெருகும்போது பெரும்பாலும் இதுவும் சேர்ந்து பெருகுகிறது. எனவே ஸ்டார்டி3 மிகுந்தவர்களின் கோடு சரிவது ஸ்டார்டி3-ஆலா, அண்டை வீட்டாராலா? ஹெர்2 நிலையைக் கணக்கில் கொள்ளாமல் இதற்கு விடை கூற இயலாது. அதைக் கணக்கில் கொண்ட பின்னும் சிக்கல் உண்டு: மெட்டாபிரிக் தொகுப்பின் ஹெர்2 மிகுந்த நோயாளிகள் டிராஸ்டுசுமாப் பெறாதவர்கள். இன்றைய சிகிச்சை பெறுபவரின் எதிர்காலத்தை அந்தக் கோடு எப்படிச் சொல்லும்?

வெட்டுப்புள்ளியைத் தேர்வதில் நடப்பது தனிக்கதை. எந்த அளவில் பிரித்தால் பி மதிப்பு மிகச் சிறியதாகும் என்று கருவியே தேடித் தருகிறது. அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதுவது பந்து விழுந்த இடத்தில் குச்சியை நட்டுவிட்டு இலக்கைத் தொட்டதாகச் சொல்வதற்கு ஒப்பாகும். கட்டிக் குறிகாட்டி ஆய்வுகளை எவ்வாறு அறிக்கையிட வேண்டும் எனக் கூறும் ரிமார்க் நெறிமுறைகள் 2005 முதல் உள்ளன. வாய்மொழித் தேர்வில் அவற்றைப் பற்றி ஒரு கேள்வியாவது எழ வேண்டாமா?

இந்தியாவில் இதன் விலை கூடுதல். இங்கு நோய் மேலை நாடுகளைவிட இளைய வயதில் வருகிறது. மூன்று ஏற்பிகளும் இல்லாத டிரிப்பிள் நெகட்டிவ் வகையின் பங்கும் அதிகம். பெரிதும் மேலை நாட்டுப் பெண்களின் கட்டிகளில் வரைந்த கோட்டை இங்குள்ளவர் மீது அப்படியே பொருத்த முடியாது. கட்டணம் செலுத்திச் செய்யும் ஒவ்வொரு சோதனையும் குடும்பத்தின் சேமிப்பிலிருந்து போகிறது. சிகிச்சை முடிவை மாற்றாத சோதனைக்கு அந்தப் பணம் ஏன்?

உண்மையான விடை மருத்துவமனைகளின் பாரஃபின் கட்டைகளில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள வகை ஐந்தாண்டு கடந்தும் திரும்பி வரும். முனைவர் பட்டக் காலமோ பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். தொலைவிலிருந்து வந்து சிகிச்சை பெற்றுச் சென்றவரைப் பத்தாண்டுகள் தொடர்பில் வைத்திருப்பது தனி ஓர் ஆய்வு மாணவரால் ஆகிற காரியமன்று. அது நிறுவனத்தின் வேலை. அதற்கென ஊழியரும் ஆண்டுதோறும் ஒதுக்கும் நிதியும் வேண்டும். அப்பதிவேடு உள்ள இடத்தில், பத்தாண்டுக்கு முந்தைய கட்டைகளில் எஸ்ஆர்-பி1-ஐ முன்கூட்டியே எழுதிவைத்த வெட்டுப்புள்ளியோடு அளந்து, தரநிலை, கேஐ-67, ஹெர்2 ஆகியவற்றுக்கு மேல் அது ஏதேனும் சொல்கிறதா என்று மூன்றே ஆண்டுகளில் பார்த்துவிடலாம். ‘ஒன்றும் சொல்லவில்லை’ என்று முடிவு வந்தாலும் அதற்குப் பட்டம் வழங்கப் பல்கலைக்கழகம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.