வலிக்கலைன்னா சந்தோஷப்படாதீங்க!

ஈ.சி.ஆர். ரோட்டுல பாண்டிச்சேரிக்கு பைக் விரட்டும்போது, மரக்காணத்துல வெள்ளை வெளேர்னு உப்பு குவிச்சு வெச்சிருப்பாங்களே... ‘செம சீன்டா!’ன்னு இறங்கி போட்டோ எடுத்திருப்பீங்க. நம்ம ஊரு அதுதான். ஆனா, அந்த போட்டோவுல விழாத விஷயம் ஒண்ணு இருக்கு. உப்பு வாருறவங்களோட பாதம்!

எங்க பெரியம்மா இருபது வருஷத்துக்கும் மேல உப்பளத்துல வேலை பார்க்கிறவங்க. சர்க்கரை உண்டு, மாத்திரையும் உண்டு. போன தடவை லீவுக்குப் போயிருந்தப்போ, சாயந்திரம் வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள வந்தாங்க. வாசல்லேர்ந்து அடுப்படி வரைக்கும் சொட்டுச் சொட்டா ரத்தம். “பெரியம்மா, காலைப் பாருங்க!”ன்னு கத்திட்டேன். குனிஞ்சு பார்த்துட்டு, “அட, எப்ப குத்துச்சுன்னே தெரியலடா கண்ணு”ன்னாங்க கூலா. குதிகால்ல உடைஞ்ச சிப்பி ஓடு! அவங்களுக்கு வலிக்கவே இல்லை. எனக்குத்தான் வயித்தைக் கலக்கிடுச்சு.

சர்க்கரை ரொம்ப நாள் கட்டுக்குள்ள இல்லைன்னா, பாதத்து நரம்புகள் மரத்துப் போகும். ரத்த ஓட்டமும் குறையும். குத்தினது தெரியாது, குத்தினது ஆறாது. சீழ் பிடிச்சு விரலையோ, காலையோ எடுக்கிற அளவுக்குப் போறது இப்படித்தான். வலிங்கறது உடம்பு அடிக்கிற அலாரம் பாஸ்!

இதை உலகத்துக்குப் புரிய வெச்சதுல நம்ம தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கு. 1914-ல கொல்லிமலையில பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். வேலூர் சி.எம்.சி.யில தொழுநோயாளிகளைப் பார்த்துக்கிட்டு இருந்தார். ஒரு நாள், துருப்பிடிச்ச பூட்டு ஒண்ணை அவரால திறக்க முடியலை. அங்கே இருந்த சின்னப் பையன் ‘டக்’னு சாவியைத் திருகித் திறந்துட்டான். பார்த்தா, விரல் எலும்பு தெரியக் கிழிஞ்சிருக்கு. அவனுக்கு வலியே இல்லை! நோய் விரலைத் தின்னலை. வலி தெரியாததால அடிபட்டு அடிபட்டுத்தான் தேயுதுன்னு அவர் எடுத்துச் சொன்னார். மரத்துப்போன பாதத்துக்குன்னு வேலூர், கரிகிரி பக்கம் உருவான மெத்து மெத்துன்னு இருக்கிற எம்.சி.ஆர். ரப்பர் செருப்புக்குப் பின்னாடி இருக்கிறது இந்தப் பாடம்தான். 1966-ல அமெரிக்கா போன பிராண்ட், சர்க்கரை நோயாளிகளுக்கும் இதே பாடத்தைச் சொன்னார்.

லாஜிக் நம்ம ஃபர்ஸ்ட் இயர் சப்ஜெக்ட்தான். அழுத்தம் = விசை ÷ பரப்பளவு. குதிகால்லயும் பெருவிரல் அடியிலயும் மட்டும் விழற பாரத்தை, மெத்தை மாதிரி அமுங்குற ரப்பர் பாதம் முழுக்கப் பரப்பி விட்டுடும். ராயபுரம் எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனையும் அடையாறு சி.எல்.ஆர்.ஐ.யும் சேர்ந்து செஞ்ச ஆய்வு 2004-ல வந்தது. ஏற்கெனவே காலில் புண் வந்திருந்த 241 பேரை 9 மாசம் கவனிச்சாங்க. சாதாரணச் செருப்பு போட்டவங்கள்ல சுமார் மூணுல ஒருத்தருக்குத் திரும்பவும் புண். ஸ்பெஷல் செருப்பு போட்டவங்களுக்கு ரொம்பச் சொற்பம்!

‘அப்ப பெரியம்மாவுக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தா மேட்டர் ஓவர்’னு நினைச்சேன். வாங்கியும் கொடுத்தேன். “நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இதைப் போட்டுக்கிட்டு பாத்தியில இறங்கினா மேஸ்திரி விடுவாரா?”ன்னு சிரிச்சாங்க. களிமண்ணைக் காலால மிதிச்சு மிதிச்சு இறுக்கின தரை அது. கெட்டி அடிப்பாகம் பட்டா பேர்த்துடும். உப்புல மண் கலந்தா விலை போகாது. முழங்கால் பூட்ஸ் போட்டா, உள்ளே உப்புத் தண்ணி புகுந்து உரசியே புண்ணாக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர் ஒரு நைலான் இழையால பாதத்தைத் தொட்டுத் தொட்டு, “தெரியுதா?”ன்னு கேட்டார். 10 கிராம் அழுத்தம் கொடுக்கிற இழை அது. பல இடத்துல பெரியம்மா பதிலே சொல்லலை. “புண் ஆறுற வரைக்கும் உப்புத் தண்ணியில இறங்கக் கூடாதும்மா”ன்னார். பெரியம்மா கேட்டது ஒரே வார்த்தை: “கூலி?”

அதுக்கு அந்த ரூம்ல யார்கிட்டயும் பதில் இல்லை.

இப்போ புண் ஆறிடுச்சு. வீட்லேர்ந்து வரப்பு வரைக்கும் செருப்பு. பாத்தியில வெறுங்கால்தான். ஏறினதும் நல்ல தண்ணியில கழுவி, விரல் இடுக்கு வரைக்கும் துடைச்சு, கண்ணாடியை வெச்சு அடிப்பாதத்தைப் பார்த்துக்கறாங்க. பாதி வெற்றி!

மீதிப் பாதிக்கு உங்களைத்தான் கூப்பிடறேன். மெக்கானிக்கல், லெதர் டெக்னாலஜி மக்களே... ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வருஷா வருஷம் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடுற அதே ரோபோதானா? உப்புத் தண்ணியில கெட்டுப் போகாத, தண்ணியைத் தேக்காத, பாத்தியைப் பேர்க்காத ஒரு செருப்பு டிசைன் பண்ணுங்களேன்!

வீட்ல சர்க்கரை இருக்கிறவங்களுக்கு...

* ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி அவங்க பாதத்தை நீங்க பாருங்க.

* பின்பக்கம் பட்டை வெச்ச செருப்பா வாங்குங்க. ஹவாய் செருப்பு கழண்டு விழுந்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது. ஆணி அடிச்சது வேணாம்.

* சாயந்திரமா வாங்குங்க. பாதம் லேசா வீங்கி இருக்கிற நேரம், அளவு சரியா அமையும்.

* போடறதுக்கு முன்னாடி உள்ளே கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. கால் ஆணியை பிளேடால அறுக்கறது கூடவே கூடாது.

அடுத்த வாரம் மீட் பண்ணலாம். அதுவரைக்கும் போன்ல ‘சாப்பிட்டியாம்மா?’ன்னு கேட்கிறப்போ, ‘காலைப் பார்த்தியாம்மா?’ன்னும் கேளுங்க!