திருவுளச் சீட்டும் ஒற்றை வாக்கும்



"என் ஒரு வாக்கினால் என்ன ஆகிவிடப் போகிறது, சாமி?" என்று கேட்போர் பலர். அவர்களுக்கு அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலம் விடை தருகிறது.

அம்மாநிலச் சட்டமன்றம் ஈரவை கொண்டது. கீழவையில் 100 உறுப்பினர். செனட் எனும் மேலவையில் 40 உறுப்பினர். 2011-ஆம் ஆண்டுத் தேர்தலில் மேலவை 20-க்கு 20 எனச் சரிபாதியாய்ப் பிரிந்தது. அவைத் தலைவராகிய துணை ஆளுநர் குடியரசுக் கட்சியினர். அவரது வாக்கால் அக்கட்சி அவையை நடத்தியது. 2014 சனவரியில் சனநாயகக் கட்சியினர் ஒருவர் அப்பதவியை ஏற்றபின் அவை கைமாறியது. அவ்வாண்டு சூன் திங்களில் அக்கட்சி உறுப்பினர் ஒருவர் பதவி விலகவே, மீண்டும் கைமாறியது. ஓராண்டில் இருமுறை!

கீழவையின் கதை இன்னும் வியப்புக்குரியது. 2017 நவம்பரில் நியூபோர்ட் நியூஸ் நகரத் தொகுதி ஒன்றில் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சியும் சனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்சும் போட்டியிட்டனர். மறு எண்ணிக்கையில் சைமண்ட்ஸ் ஒரே வாக்கால் முந்தினார். மறுநாள், இரு பெயர்க்கும் நேரே குறியிட்டு ஒன்றை அடித்திருந்த ஒரு வாக்குச் சீட்டை, நீதிபதிகள் மூவர் யான்சிக்கு உரியதென ஏற்றனர். ஆளுக்கு 11,608 வாக்குகள்! 2018 சனவரி 4 அன்று கிண்ணமொன்றில் இரு பெயர்களையும் இட்டுத் திருவுளச் சீட்டு எடுத்தனர். யான்சியின் பெயர் வந்தது. அவரது கட்சி 51-க்கு 49 எனக் கீழவையைத் தக்கவைத்துக்கொண்டது.

யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளத் திருத்தூதர் காலத்திலும் சீட்டுப் போட்டனர். ஆனால் முதலில் தகுதியை ஆய்ந்து இருவரை நிறுத்தினர், பின்னர் செபித்தனர், அதன் பின்னரே சீட்டு. தம் கடமையைச் செய்துவிட்டு முடிவை இறைவனிடம் விட்டனர். தேர்தல் நாளில் வீட்டிலேயே இருந்துவிட்டு, நேர்ந்ததை இறைவன் சித்தம் என்பது விசுவாசமன்று, சோம்பல்.

2019-இல் சைமண்ட்ஸ் மீண்டும் நின்று வென்றார். அவரது கட்சி கீழவையையும், 21-க்கு 19 என மேலவையையும் கைப்பற்றியது. பின் நிகழ்ந்தவற்றை நோக்குங்கள். 2020-இல் கருக்கலைப்புக்கு இருந்த கட்டுப்பாடுகள் சில நீக்கப்பட்டன. 2021-இல் மரண தண்டனை ஒழிக்கப்பட்டது. முன்னது நம்மை வருத்துகிறது, பின்னது மகிழ்விக்கிறது. இரண்டும் ஒரே பெரும்பான்மையின் செயல்! நற்செய்தி முழுவதும் எந்தக் கட்சியின் கொடிக்குள்ளும் அடங்கிவிடாது.

ஆகவேதான், "இன்ன கட்சிக்கு வாக்களியுங்கள்" என்று குருவாகிய நான் சொல்வதில்லை. வாக்களித்தல் ஒழுக்கக் கடமை என்று திருச்சபையின் மறைக்கல்வி கூறுவதையே நினைவூட்டுகிறேன். வாக்களித்த பின்னும் கடமை முடிவதில்லை. வென்றவர் நன்மை செய்யின் துணை நிற்போம். தீமை செய்யின், நம் கட்சியினரேயாயினும், எடுத்துரைப்போம்.

அந்தச் சீட்டில் இருமுறை குறியிட்டவர் யாரென நாம் அறியோம். அவர் கை ஒரு கணம் தயங்கியது. ஓர் அவையின் ஆட்சியே கிண்ணத்தில் வந்து நின்றது. அடுத்த தேர்தல் நாளில் செபித்து, சிந்தித்து, குடும்பத்தோடு வாக்குச் சாவடிக்குச் செல்லுங்கள். உங்கள் ஒரு வாக்கு சிறிதன்று.