தப்பிக்க மட்டும்தானா டிஎன்ஏ?

ஒரு குழந்தையைப் பெற்றவன் யார் என்று இன்று ஒரு துளி எச்சிலை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் மொராக்கோவில், "பெற்றவன் இவன்தான், ஆனால் சட்டப்படி இவன் தகப்பன் இல்லை" என்று தீர்ப்பு வரும். வேடிக்கை இல்லை நண்பர்களே, நடந்த வழக்கு!

2017-ல் தான்ஜியர் குடும்ப நீதிமன்றம், மணமாகாத தாய்க்குப் பிறந்த ஒரு பெண் குழந்தையின் வழக்கில் டிஎன்ஏ முடிவை ஏற்று, அந்த ஆள் தாய்க்கு 1 லட்சம் திர்ஹம் இழப்பீடு தரவேண்டும் என்றது. அதே ஆண்டு மேல்முறையீட்டில் அது ரத்தானது. 2020-ல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதி செய்தது. காரணம், 2004 குடும்பச் சட்டத்தின் 148-ஆம் பிரிவு. மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தகப்பனிடம் எந்த உரிமையும் கிடையாது!

மணவாழ்வில் பிறந்த பிள்ளை கணவனுக்கே உரியது என்பது நபிமொழி வழி வந்த விதி. அதில் எனக்குச் சண்டை இல்லை. வெறும் சந்தேகத்தை வைத்துப் பிள்ளையை உதறிவிட முடியாது. மறுக்க வேண்டுமானால் கணவன் 'லிஆன்' செய்யவேண்டும். அதாவது நான்கு முறை சத்தியம், ஐந்தாவதாக, பொய் சொன்னால் இறைவனின் சாபம் தன்மேல் இறங்கட்டும் என்ற சத்தியம். பிள்ளையைக் காக்கப் போட்ட வேலி அது.

இப்போது அதே சட்டத்தின் 153-ஆம் பிரிவைப் பாருங்கள். வலுவான ஆதாரம் காட்டினால், நீதிமன்ற உத்தரவோடு நிபுணர் சோதனை செய்து கணவன் பிள்ளையை மறுக்கலாம். ஆக, சோதனை மார்க்க விரோதம் இல்லை. ஆண் கழன்றுகொள்ள அது உதவும், மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை தகப்பனைப் பிடித்துக்கொள்ள மட்டும் உதவாது. இது என்ன நியாயம்?

"மரபில் இடமில்லை" என்பார்கள். உடல் சாயலைப் பார்த்து உறவு சொல்லும் 'கியாஃபா' என்ன? ஸைத், உஸாமா இருவரின் பாதங்களைப் பார்த்தே ஒருவர் தந்தை-மகன் என்று சொல்ல, நபிகள் நாயகம் மகிழ்ந்தார்கள் என்று ஹதீஸ் உண்டு. மாலிகி, ஷாஃபி, ஹன்பலி மத்ஹபுகள் அதை ஏதோ ஓர் அளவில் ஏற்றன. பாதத்துக்கு இருந்த மதிப்பு மரபணுவுக்கு இல்லையா?

"ஒழுக்கம் கெட்டுவிடும்" என்பது அடுத்த வாதம். இன்று தண்டனை யாருக்கு? ஆண் கைகழுவிவிட்டுப் போகிறான், தவறே செய்யாத குழந்தை சுமக்கிறது. பொறுப்பேற்க வைப்பதுதானே ஒழுக்கம்?

துனிசியாவும் முஸ்லிம் நாடுதான். அங்கே 1998-லேயே வந்த ஒரு சட்டம், டிஎன்ஏ மூலம் நிரூபித்த பிள்ளைக்குத் தகப்பன் பெயரும் ஜீவனாம்சமும் கிடைக்க வழி செய்தது. மொராக்கோவிலோ, குடும்பச் சட்டத் திருத்தம் பேசப்பட்ட 2024 டிசம்பரில்கூட உலமா உயர் சபை டிஎன்ஏ வழித் தந்தைமையை ஏற்கவில்லை.

வேலி இருக்கட்டும். ஆனால் அது பிள்ளையைக் காக்கவேண்டும், ஓடிப்போகிறவனை அல்ல. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?