பொசிட்டிவ் என்றால் வருத்தமா?

எங்கட சனத்துக்கு இரத்தப் பரிசோதனையில் இருக்கிற நம்பிக்கை நல்லூர்க் கந்தனில்கூட இல்லை. கை உளைந்தாலும் கால் உளைந்தாலும் "டொக்டர், ஒருக்கா இரத்தத்தைச் செக் பண்ணுங்கோ" என்போம். குடும்ப வைத்தியரும் படிவத்தை நிரப்பிக் கிழித்துத் தருவார். அந்தப் படிவங்களில் ஏ.என்.ஏ. என்ற மூன்றெழுத்தை அடிக்கடி காண்கிறேன். காரணமில்லாமல் அதை எடுக்கக்கூடாது, காரணமிருந்தால் எடுக்காமல் விடவும்கூடாது. இவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

ஊரில் உயிரியல் படித்தவர்களுக்குப் பிறபொருளெதிரி என்ற சொல் ஞாபகமிருக்கும். வெளியிலிருந்து வருகிற கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் புரதம். சிலருக்கு அது பிறபொருளை விட்டுவிட்டுச் சொந்தக் கலங்களின் கருவோடேயே மல்லுக்கட்டத் தொடங்கிவிடும். லூபஸ், ஷோகிரன், ஸ்கிளிரோடேர்மா போன்ற தொடுப்பிழைய நோய்களில் இதைக் காணலாம். அந்த எதிரியைத் தேடுவதுதான் ஏ.என்.ஏ. இரத்தத்தின் தெளிந்த நீரை 40 மடங்கு, 80 மடங்கு, 160 மடங்கு என்று ஐதாக்கி, ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களின் மேல் விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து, எதுவரைக்கும் ஒளிர்கிறது என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஒரு வருத்தமும் இல்லாதவர்களின் இரத்தமும் ஒளிரும். எங் டான் என்ற அறிஞரும் கூட்டாளிகளும் 1997ல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமானவர்களில் 31.7 வீதமானோருக்கு 1:40ல் பொசிட்டிவ். 1:80ல் 13.3 வீதம். 1:160ல் 5 வீதம். லூபஸோ ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் வருகிற வருத்தம். அறிகுறி ஒன்றுமில்லாத ஆயிரம் பேருக்கு இதை எடுத்தால் நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சும்மா பயப்படுத்தி அந்த ஒருவரைத் தேடவேண்டும். அதனால்தான் கனடாவின் வாதநோய் நிபுணர்களின் சங்கமே, குறிப்பான அறிகுறி இல்லாதவர்களுக்கு இதை எழுதாதீர்கள் என்று வைத்தியர்களைக் கேட்டிருக்கிறது.

பயம் என்றால் எப்படிப்பட்ட பயம் என்று சொல்கிறேன். வன்னியிலிருந்து 2009க்குப் பிறகு வந்த அக்கா ஒருவர். உடம்பு முழுக்க உளைவு என்று போனவருக்கு ஒரு கிளினிக்கில் "ஏ.என்.ஏ. பொசிட்டிவ், நிபுணரிடம் அனுப்புகிறோம்" என்றார்கள். மொழிபெயர்த்தது அவருடைய பதினொரு வயது மகள். பிள்ளை "பொசிட்டிவாம் அம்மா" என்றிருக்கிறது. பொசிட்டிவ் என்றால் எயிட்ஸ் என்றுதான் அக்காவுக்குத் தெரியும். நிபுணரைக் காண எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் தன்னுடைய கோப்பையையும் தட்டையும் புறம்பாக வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். பிள்ளையைக் கொஞ்சவில்லை. நிபுணரிடம் மொழிபெயர்க்க நான் போனேன். 1:80. மற்றப் பரிசோதனைகள் எல்லாம் சரி. வருத்தம் ஒன்றுமில்லை.

இதைக் கேட்டுவிட்டு "அப்ப இந்தப் பரிசோதனையே வேண்டாம்" என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கு நேர்மாறான கதையும் எனக்குத் தெரியும். ஒரு தங்கச்சிக்கு விரல் வீங்கி, வாயில் புண் வந்து, தலைமயிர் கொட்டியது. போரிலிருந்து வந்தவள் என்பதால் இரண்டு வருடமாக மன அழுத்தத்துக்குத்தான் குளிசை கொடுத்தார்கள். கடைசியில் சிறுநீரில் புரதம் போகத் தொடங்கியபோதுதான் லூபஸ் என்று பிடிபட்டது. அகதியின் நோவெல்லாம் மனநோவு என்று முடிவுகட்டுவதும், அகதியின் கதையைக் கேட்க நேரமில்லாமல் இரத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புவதும் என்னைக் கேட்டால் ஒரே அலட்சியம்தான்.

அறிகுறி இருந்தால் இந்தப் பரிசோதனை மிகவும் பெறுமதியானது. ஏ.என்.ஏ. நெகட்டிவ் என்றால் லூபஸுக்குச் சாத்தியம் மிகக் குறைவு. பொசிட்டிவ் என்றால் அடுத்த படி இருக்கிறது. டி.என்.ஏ.க்கும் 'எஸ்எம்' என்ற புரதத்துக்கும் எதிரானவை லூபஸைக் குறிப்பாகக் காட்டும். 'ரோ'வுக்கு எதிரானது இருக்கிற தாயின் கருப்பையில் உள்ள சிசுவுக்கு, நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ தடவையில், இதயத்துடிப்பு தடைப்படலாம். பிள்ளை பெறப்போகிற பெண்ணுக்கு இது முன்னரே தெரிந்திருக்கவேண்டும்.

அமெரிக்க இராணுவத்தில் சேமித்து வைத்த இரத்தத்தைக்கொண்டு செய்து 2003ல் வெளிவந்த ஆய்வில், லூபஸ் வந்த 130 பேரில் 115 பேருக்கு, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே பிறபொருளெதிரிகள் இருந்தன. சிலருக்கு ஒன்பது வருடத்துக்கு மேல் முந்தி. ஆனால் இதைத் திருப்பி வாசிக்கக்கூடாது. வருத்தம் வந்தவர்களுக்கு முன்னரே பொசிட்டிவ் இருந்தது என்பதால், பொசிட்டிவ் உள்ளவர்களுக்கெல்லாம் வருத்தம் வரும் என்று ஆகிவிடாது.

ஆகவே டொக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அறிகுறியை வைத்து இதை எடுக்கிறீர்கள்? எத்தனை மடங்கில் பொசிட்டிவ்? சிறுநீரைப் பார்த்தீர்களா? குளிரில் விரல் வெளிறி நீலமாகிறதா, மூக்கிலும் கன்னத்திலும் தடிப்பு இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள். எங்கட தோலில் அது சிவப்பாகத் தெரியாது, கறுத்துத்தான் தெரியும். அவர்களின் கண்ணில் படாமல் போகலாம்.

இன்னொன்று. பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.