வாடகையைவிட வாசற்படிதான் உயரம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாடகை ஏறிவிட்டது என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. உண்மைதான். ஆனால் வேலை தேடிப் பட்டணம் வரும் நம் குடும்பங்கள் பல, மாத வாடகைக்கு முன்பே, சாவி கைக்கு வருவதற்குள்ளேயே தடுக்கி நிற்கின்றன.

மாதம் 1,000 வெள்ளி வாடகையில் ஓர் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத முன்பணம் 2,000. முதல் மாத வாடகை 1,000. தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம், அதாவது 500. ஆக 3,500 வெள்ளி. லோரிக் கூலி, முத்திரை வரி எல்லாம் தனி. குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு போனால் கையில் நிற்பது ஏறக்குறைய 1,500. சாப்பிடாமல் சேர்த்தாலும் இரண்டு மாதச் சம்பளம் போதாது. இந்த ‘இரண்டு, ஒன்று, அரை’ கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை, வெறும் வழக்கம். பேசிக் குறைக்கலாம், தவணை கேட்கலாம். நம்மவர்கள் பலருக்கு அதைக் கேட்கவே கூச்சம்.

தோட்டத்திலிருந்து வருவோருக்கு இது புதிய உலகம். அங்கே வேலையோடு சேர்ந்ததுதான் வீடு. முன்பணம் என்ற பேச்சே கிடையாது. தோட்டம் கைமாறினாலோ வேலை ஓய்ந்தாலோ வீடும் போகிறது. முப்பது ஆண்டு ஒரே கூரையின் கீழ் இருந்தவர், பட்டணத்து வீட்டுக்காரரிடம் காட்ட ஒரு வாடகை ரசீதுகூட இல்லாமல் நிற்கிறார்.

கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் பிபிஆர் வீடுகளுக்கு மாத வாடகை 124 வெள்ளிதான். விண்ணப்பிக்கலாம், ஆனால் அது கிடைக்கும்வரை குடியிருக்கத் தனியார் வீடுதான் வேண்டும்.

பணம் இருந்தும் கதவு திறக்காததுதான் பெரிய கசப்பு. ‘சீனர்களுக்கு மட்டும்’, ‘மலாய்க்காரர்களுக்கு முன்னுரிமை’ என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். போடாதவர்கள் தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் “வீடு போய்விட்டது” என்கிறார்கள். வாடகை பாக்கி வைப்பார்கள், சமையல் வாடை, கூட்டம் சேர்ப்பார்கள் என்று காரணம் சொல்லப்படுகிறது. முன்பு ஒருவரிடம் ஏமாந்த வீட்டுக்காரரின் பயத்தைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் பாக்கி வைப்பாரா என்பதைச் சம்பளச் சீட்டும் பழைய வாடகை ரசீதும் ஓரளவு சொல்லும். இனம் எதையும் சொல்லாது. நம்மவர் வீட்டையே நம்மவருக்குத் தர மறுக்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதி சமத்துவம் பேசுகிறது. அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் வீட்டு வாசலுக்கு வராது. குடியிருப்பு வாடகைச் சட்டம் ஒன்று வரும் என 2019இல் வெளியான தேசிய வீடமைப்புக் கொள்கை சொன்னது. அதற்குப் பிறகு அமைச்சர்கள் மாறினார்கள். சட்டம் வந்தால் முன்பணத்துக்கு உச்சவரம்பு வைக்குமா, இனம் பார்த்து மறுப்பதைத் தடுக்குமா என்பதைத்தான் நம் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டும்.

அதுவரை, உள்ளே போனவருக்காவது சில பிடிகள் உண்டு. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். கட்டாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவர் குடியிருந்தால், வழக்கு போட்டுத்தான் வெளியேற்ற முடியும் என்கிறது 1950ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு. வீட்டுக்காரர் தாமாகப் பூட்டை மாற்ற அதில் இடமில்லை. குடிபோகும் நாளிலேயே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலேயே வழக்கு போடலாம்.