பழுது பார்க்கிறவன்

அடைமழையில் வழி தவறிய ஒருவன் மலைக்காட்டில் பாழடைந்து கிடக்கும் சின்னஞ்சிறு கோயிலுக்குள் ஒதுங்குகிறான். இரவு. கண்ணயரும் நேரத்தில் அந்த இடம் விரிந்து ஓர் அறையாகிறது. கிழிந்துபோன காகிதக் குடைகள் கண்ணும் வாயும் முளைத்து அவனைச் சுற்றிக் குதிக்கின்றன. பேய்க்கதையில் வருகிற ஆள் இந்த இடத்தில் அலறிக்கொண்டு ஓடியிருப்பான். இவன் தன் கருவிப்பெட்டியைத் திறக்கிறான். குடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மூங்கில் விலாவைச் சரிசெய்து, கிழிசலின் மேல் ஒட்டுப் போடுகிறான். அடுத்த அறையில் கைவிடப்பட்ட பட்டுத்துணிகள் எழுந்து வருகின்றன. ஊசி நூலை எடுக்கிறான். கடைசியில் குப்பையெல்லாம் ஒன்றாய்த் திரண்டு மலைபோல எழும்போதும் அவன் ஆயுதத்தைத் தேடவில்லை. நெடுநாள் உழைத்துத் தேய்ந்தவை என்று அவற்றை மதித்து வணங்குகிறான். பொழுது விடிகிறது, மழை விட்டிருக்கிறது.

ஷூஹே மொரிதா இயக்கிய இந்த ஜப்பானியக் குறும்படம் 14 நிமிடம்தான் ஓடும். ஜப்பானியத்தில் 'த்சுகுமோ', வெளியுலகில் 'பொசஷன்ஸ்'. 2014ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவில் சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. வீட்டுச் சாமான்கள் இரவில் உயிர்பெற்று எழும் படங்கள் என்றால் குழந்தைகளுக்கான பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சிற்றிதழ்கள் அவற்றைப் பற்றி எழுதுவதே அபூர்வம். ஆனால் இவ்வகைப் படங்களில் நல்லவை எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான் அடியில் ஓடுகிறது: உடைந்ததைச் சரிசெய்ய யார் இருக்கிறார்கள்? மந்திரமும் ஆட்டமும் பாட்டும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கின்றன.

இரவில் எழும் பொருள்கள் பெரும்பாலும் ஊனத்தோடுதான் எழுகின்றன. ஆண்டர்சன் 1838இல் வெளியிட்ட தகரச் சிப்பாய்க் கதையை நினைத்துப் பாருங்கள். ஒரு பழைய தகரக் கரண்டியை உருக்கி 25 சிப்பாய்களை வார்க்கிறார்கள். கடைசிச் சிப்பாய்க்குத் தகரம் போதவில்லை; ஒற்றைக் காலோடு நின்றுவிடுகிறான். வீட்டார் தூங்கிய பிறகு மற்ற பொம்மைகள் விளையாடுகின்றன, அவன் நிற்கிறான். கதை முழுக்க அவனுக்கு இன்னொரு கால் செய்து தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முடிவில் அடுப்பில் எறியப்படுகிறான். சிறுவயதில் இதைக் கேட்டவர்களுக்கு அந்த அடுப்பு மறப்பதில்லை.

மொரிதாவின் படத்துக்கு ஆண்டர்சனைவிடப் பழைய வேர் இருக்கிறது. நூறாண்டு பயன்பட்ட கருவிக்கு ஆன்மா வந்துவிடும் என்பது ஜப்பானியரின் பழைய நம்பிக்கை. அப்படி உயிர்த்த பொருளை 'த்சுகுமோகாமி' என்கிறார்கள். முரோமாச்சி காலத்தில் தோன்றிய கதைச்சுருள் ஒன்று இவற்றின் வரலாற்றைச் சொல்கிறது. ஆண்டு முடிவில் வீட்டுப் புகைக்கரியைத் துடைத்துப் பழையதைக் கழிக்கும் சடங்கு நடக்கிறது. அப்போது தெருவில் எறியப்பட்ட சாமான்கள் கூடிப் பேசுகின்றன. இத்தனை ஆண்டு ஊழியம் செய்தோம், கைம்மாறாக மாடும் குதிரையும் மிதிக்கும் இடத்தில் எறிந்துவிட்டார்களே என்று கொதிக்கின்றன. பழிவாங்குவதென்று முடிவாகிறது. பழி வேண்டாம் என்று சொல்கிற ஒரே பொருள் ஒரு ஜெபமாலை. அதை மற்றவை அடித்து விரட்டுகின்றன. குளிர்காலம் விடைபெறும் இரவில் எல்லாம் உருமாறி, மலையில் குடியேறி, ஊருக்குள் இறங்கி அட்டகாசம் செய்கின்றன. பிறகு புத்த நெறியால் அடக்கப்படுகின்றன. அடித்து விரட்டிய அதே ஜெபமாலையைத் தேடிப்போய்க் குருவாக ஏற்றுத் துறவு பூண்டு புத்தநிலை அடைகின்றன. ஒரு சமயப் பிரிவின் பெருமையைப் பாட எழுதப்பட்ட கதை இது என்பது படித்தால் தெரியும். ஆனாலும் அந்தக் குப்பைமேட்டுக் கூட்டத்தின் கோபத்தில் பிரச்சாரம் எதுவும் இல்லை. வேலை செய்தவர்களின் நியாயமான கோபம் அது.

கியோத்தோ நகரின் தைதோகுஜி வளாகத்தில் உள்ள ஷின்ஜு-ஆன் மடத்தில் 16ஆம் நூற்றாண்டின் இன்னொரு சுருள் இருக்கிறது. அதில் எழுத்தே கிடையாது. நரம்பிசைக் கருவிகளும் அடுக்களைப் பாத்திரங்களும் குடையும் கால் முளைத்து இரவில் ஊர்வலம் போகின்றன. சுருளின் கடைசியில் பெரிய செந்நிற உருண்டை ஒன்று எழுகிறது. ஊர்வலம் சிதறி ஓடுகிறது. வலமிருந்து இடமாகக் காட்சி நகர, கண்ணும் கூடவே நகரும் அந்தச் சுருளை அனிமேஷனின் மூதாதை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆண்டுக்கடைசியில் புகைக்கரி துடைத்துப் பழையன கழிப்பது என்றவுடன் நம் வாசகருக்குப் போகி நினைவுக்கு வரும். நாமும் மார்கழிக் கடைசி விடியலில் பழைய பாயையும் முறத்தையும் துடைப்பத்தையும் தீயிலிட்டவர்கள்தான். நம் கதைகளில் அந்த முறம் எழுந்து வந்து ஏன் எரித்தாய் என்று கேட்டதாக நாம் அறியவில்லை. ஜப்பானில் கேட்டிருக்கிறது. கேட்டதன் விளைவோ என்னவோ, அங்கே முறிந்த தையல் ஊசிகளுக்கென்று ஒரு சடங்கே உண்டு. தோக்கியோ பக்கம் பிப்ரவரி 8, கியோத்தோ பக்கம் டிசம்பர் 8. ஆண்டெல்லாம் முரட்டுத் துணியைத் துளைத்த ஊசியை டோஃபு போன்ற மெத்தென்ற ஒன்றில் செருகி ஓய்வு தருகிறார்கள்.

அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே இவ்வகையில் நாங்கள் மிக உயர்வாக மதிக்கும் படம் 'தி பிரேவ் லிட்டில் டோஸ்டர்'. அறிவியல் புனைகதை எழுத்தாளர் தாமஸ் டிஷ் 1980இல் எழுதிய குறுநாவல் அதன் மூலம். சிறிய மின்சாதனங்களுக்குச் சொல்லும் உறக்கக்கதை என்று அதற்கு உபதலைப்பிட்டிருந்தார். டிஸ்னி உரிமையை வாங்கியது. அங்கே இளம் அனிமேட்டராக இருந்த ஜான் லாசெட்டர், பின்னணிகளைக் கணினியில் உருவாக்கி இதைப் படமாக்கலாம் என்று முன்மொழிந்தார். திட்டம் மறுக்கப்பட்டது, அவர் வேலையும் போனது. பிறகு ஜெரி ரீஸ் இயக்கத்தில், சுமார் 23 லட்சம் டாலர் என்ற சிறு தொகையில், தைவான் கலைஞர்களின் உழைப்பில் 1987இல் படம் கையால் வரைந்தே வெளிவந்தது.

கோடைக்கால வீடொன்றில் ரொட்டி வாட்டும் டோஸ்டர், மேசைவிளக்கு, மின்போர்வை, வானொலி, தூசி உறிஞ்சும் இயந்திரம் ஐந்தும் ஆண்டுக்கணக்கில் சின்ன முதலாளிக்காகக் காத்திருக்கின்றன. அவன் வருவதில்லை. தேடிப் புறப்படுகின்றன. புறப்படும் முன்பே படம் தன் தீவிரத்தைக் காட்டிவிடுகிறது. சுவரில் பதிக்கப்பட்ட ஏ.சி. இயந்திரம், தன்னோடு அந்தச் சிறுவன் ஒருநாளும் விளையாடியதில்லை என்ற ஆற்றாமையில் கத்திக் கத்திச் சூடேறி வெடித்துச் செத்துப்போகிறது. குழந்தைகள் படத்தில் முதல் கால் மணி நேரத்துக்குள் ஒரு சாவு, அதுவும் புறக்கணிப்பால் வந்த சாவு.

வழியில் ஒரு உதிரிபாகக் கடை. பழைய சாதனங்களை வாங்கிப் பிரித்து விற்கிறவன் நடத்துவது. வாடிக்கையாளருக்கு ஒரு மோட்டார் தேவைப்படுகிறது. அலமாரியில் இருந்த மிக்ஸியைத் தூக்கி மேசையில் வைத்து, மற்ற சாதனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அதன் மோட்டாரைப் பிடுங்குகிறான். திரையில் துளி ரத்தமில்லை, எண்ணெய் மட்டும் சொட்டுகிறது. இந்தக் காட்சி குழந்தைகளைப் பயமுறுத்தும் என்று சொல்கிற பெற்றோர் உண்டு. பயமுறுத்தும்தான். ஒரு பொருள் முழுசாக இருந்து வேலை செய்வதற்கும் துண்டாகி விலைக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் குழந்தை அந்த இரண்டு நிமிடத்தில் அறிந்துகொள்கிறது. அந்த அறிவைத் தள்ளிப்போட வேண்டிய அவசியம் இல்லை என்பது எங்கள் கருத்து.

நகரத்து வீட்டில் புத்தம்புதிய சாதனங்கள் இவற்றைக் குப்பைத்தொட்டிக்குத் தள்ளிவிடுகின்றன. பழைய இரும்புக் கிடங்கில் கார்கள் நசுங்கப் போகும் நேரத்தில் தங்கள் வாழ்க்கையைப் பாடிவிட்டு நசுங்குகின்றன. முதலாளிப் பையனும் அங்கே மாட்டிக்கொள்ள, டோஸ்டர் இயந்திரத்தின் பற்சக்கரங்களுக்குள் குதித்து அவனைக் காப்பாற்றுகிறது, உருக்குலைகிறது. அடுத்த காட்சியில் அந்தப் பையன் உட்கார்ந்து அதைச் சரிசெய்கிறான். கோடை வீட்டு ஏ.சி. இயந்திரத்தையும் அவன் ஏற்கெனவே சரிசெய்திருக்கிறான். பின்னால் கல்லூரிக்குக் கிளம்பும்போது புதியவற்றை விட்டுவிட்டு இந்த ஐந்தையும் எடுத்துப்போகிறான். படத்தின் கனிவு முழுக்க அவன் கையிலிருக்கும் திருப்புளியில் இருக்கிறது.

டிஷ்ஷின் மூலக்கதை வேறு விதமாக முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே சாதனங்கள் முதலாளியிடம் திரும்பிச் சேர்வதில்லை. வானொலியின் பண்டமாற்று நிகழ்ச்சி வழியாக வயது முதிர்ந்த ஒரு பாலே நடனக்காரரின் வீட்டுக்குப் போய், தேவைப்படுகிற இடத்தில் வேலை செய்துகொண்டு வாழ்கின்றன. எங்களுக்கு இந்த முடிவுதான் பிடித்திருக்கிறது. பழைய முதலாளியின் அன்புக்காக ஏங்குவதைவிட, வேண்டும் என்கிறவர் கைக்குப் போவது சாமானுக்கும் கௌரவம்.

வேலை போன லாசெட்டர் தன் மேசைவிளக்கைப் பார்த்து 1986இல் 'லக்ஸோ ஜூனியர்' செய்தார், 1995இல் 'டாய் ஸ்டோரி'. அந்தத் தொடரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இங்கே இரண்டு இடங்களை மட்டும் சுட்டுகிறோம்.

முதல் படத்தில் பக்கத்து வீட்டுச் சிறுவன் சிட் பொம்மைகளைப் பிய்த்துத் தாறுமாறாகப் பொருத்தி வைத்திருக்கிறான். கட்டிலுக்கடியிலிருந்து ஊர்ந்து வரும் அந்த விகார உருவங்களைப் பார்த்து நாயகப் பொம்மை வுடி நடுங்குகிறான், நாமும் நடுங்குகிறோம், தின்ன வருகின்றன என்றே நினைக்கிறோம். அவை வுடியின் கூட்டாளிப் பொம்மையான பஸ்ஸின் பிடுங்கிப்போன கையை மாட்டிவிட்டு விலகி நிற்கின்றன. சிட் தலை மாற்றிய மற்ற பொம்மைகளையும் பழையபடி ஆக்கியிருக்கின்றன. உடைந்தவை எல்லாம் அந்த அறையில் வைத்தியம் கற்றுக்கொண்டுவிட்டன.

இரண்டாவது இடம் 1999இல் வந்த இரண்டாம் பாகம். சீட்டிக் குழல் கெட்டுப்போன வீஸி என்னும் பென்குயின் பொம்மை அலமாரி உச்சியில் தூசி படிந்து கிடக்கிறது; பழுது பார்க்கிறோம் என்று எடுத்து வைத்து மறந்துவிட்டார்கள். எத்தனை வீடுகளில் அந்த அலமாரி உச்சி இருக்கிறது! அதே படத்தில் வுடியின் கிழிந்த கையைச் சரிசெய்ய ஒரு முதியவர் பெட்டியோடு வருகிறார். நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணைத் துடைத்து, தையல் போட்டு, கன்னத்துக்கு வண்ணம் ஏற்றுகிறார். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி. ஆனால் வேலையை முடிக்கும்போது காலணியின் அடியில் வுடியின் சொந்தக்காரச் சிறுவன் ஆண்டி எழுதிய தன் பெயரின் மேல் வண்ணத்தைப் பூசி மறைத்துவிடுகிறார். அருங்காட்சியகத்துக்கு விற்கச் செய்த பழுதுபார்ப்பு அது. பொம்மை புதிதாகிவிட்டது, யாருடையது என்பது அழிந்துவிட்டது. பின்னால் வுடி அந்தப் பூச்சைச் சுரண்டி எடுக்கிறான். மொரிதாவின் குடைகளில் போட்ட ஒட்டு வெளியே தெரிகிறது, படம் அதை மறைக்கவில்லை. இரண்டு வகைப் பழுதுபார்ப்புக்கும் உள்ள தூரம் இதுதான்.

மாறாக, நம் வீடுகளில் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் நாளெல்லாம் ஓடும் கார்ட்டூன்களில் பெரும்பாலானவற்றில் எதுவும் உடைவதே இல்லை. தேநீர்க்கோப்பைக்குக் கண் வரைந்து ஆடவிடுகிறார்கள். விடிந்ததும் அது பளபளவென்று தன் இடத்துக்குத் திரும்புகிறது. டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்தின் மெழுகுவர்த்தித் தண்டும் கடிகாரமும் நமக்குப் பிரியமானவைதான் என்றாலும், அவை மனிதர்கள்; பொருளாக இருப்பது அங்கே சாபம். ஒரு கெண்டி கெண்டியாகவே இருந்து மதிக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை.

உடைந்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர்களிடம் ஓடிவருவது எல்லாக் குழந்தையும் செய்வது. 'சரி பண்ணிக் குடு' என்று நீட்டும். நாம் என்ன சொல்கிறோம்? 'விடு, வேற வாங்கிக்கலாம்.' அன்பால் சொல்வதுதான். குழந்தைக்கோ அது வேறொரு செய்தியாகப் போய்ச் சேருகிறது: உடைந்தால் மாற்றிவிடுவார்கள். தான் உடைந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கிருந்து வெகுதூரமில்லை. அலமாரி உச்சியில் மறக்கப்பட்ட பென்குயினைக் கண்டு குழந்தைகள் கலங்குவதற்கு இதற்குமேல் காரணம் தேட வேண்டாம்.

பழி முழுவதையும் பெற்றோர் மேல் போடுவதும் நியாயமில்லை. இன்றைய பல பொம்மைகளிலும் விளக்குகளிலும் திருகாணிகளே இல்லை. பசையிட்டு மூடிவிடுகிறார்கள், திறந்தால் உடைகிறது. பிரான்ஸ் 2021இல் கைபேசி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி போன்றவற்றின் மேல் எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் காட்ட வேண்டும் என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தச் சட்டம் இங்கேயும் வேண்டும், பொம்மைகளையும் சேர்த்து.

எங்களை அதிகம் உறுத்துவது இன்னொன்று. ஈயம் பூசியவர், அம்மி கொத்தியவர், குடை கட்டிக் கொடுத்தவர், சாணை பிடித்தவர் என்று நம் தெருக்களில் குரல் கொடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர். நம் சிறார் இலக்கியத்தில் ராஜாவும் மந்திரியும் வந்த அளவுக்கு இவர்களில் ஒருவராவது கதைநாயகனாக வந்திருக்கிறாரா? வந்திருந்தால், இரவில் எழுந்து நியாயம் கேட்கும் பானைக்கும் முறத்துக்கும் பதில் சொல்ல நம் கதைகளிலும் ஆள் இருந்திருப்பார். படம் எடுக்கப் பணம் வேண்டும், கதை எழுத வேண்டாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த இதழின் சிறார் பகுதி முழுவதையும் பழுதுபார்ப்புக் கதைகளுக்கு ஒதுக்குகிறோம். பெரியவர்களும் எழுதலாம், சிறுவர்களும் எழுதலாம், வரையலாம். எந்தப் பொருள், எங்கே உடைந்தது, யார் சரிசெய்தார், எதை வைத்து ஒட்டினார் என்பது விவரமாக இருக்கட்டும். இத்தொழில்களில் இருந்தவர்களுக்கு எழுத வராது என்றால் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ள எங்கள் நண்பர்கள் வருவார்கள். அவர்கள் பெயரிலேயே அச்சிடுவோம்.